பக்கத்தில் உட்கார நேரம் வேண்டும்: உடல் குறைபாடுள்ள இளையோரும் நட்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வளரும் பிள்ளைகளின் பெற்றோர், ஆசிரியர்கள், கூடப் படிப்பவர்கள், அந்தப் பிள்ளைகளே கூட என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. இளையோர் குழுக்களோடு பல வருடம் பழகியதில் எனக்குப் புரிந்ததை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் எல்லோரும் என் மகளிடம் அன்பாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனால் அவளுக்கென்று ஒரு தோழிகூட இல்லையே, ஏன்?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அன்புக்குக் குறைவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் நேரத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஜெஃப்ரி ஹால், முகப்பழக்கம் நட்பாக மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார். சாதாரண நண்பராவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறதாம். நல்ல நண்பராக 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். சேர்ந்து வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. சேர்ந்து பொழுதுபோக்கும் நேரம்தான் சேர்கிறது. அவர் ஆராய்ந்தது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நட்புக்கு வெட்டிப்பேச்சு பேசும் நேரம் வேண்டும் என்பது எந்த வயதுக்கும் பொதுதானே?

இப்போது உங்கள் மகளின் ஒரு நாளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மணி அடித்ததும் மற்றவர்கள் படியில் ஓடுகிறார்கள், அவள் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிறாள். விளையாட்டு வகுப்பில் அவளுக்கு பிசியோதெரபி. நெரிசலைத் தவிர்க்க மாலையில் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறாள். வேறு வண்டியில் வீடு போகிறாள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். ஆனால் ஒட்டுமொத்தமாகக் கூட்டினால், பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்ளும் நேரம் முழுக்க அவளிடமிருந்து கழிந்துபோயிருக்கும். பாட நேரம் மட்டும் பத்திரமாக மிஞ்சியிருக்கும்.

ஒரு இடைவேளையை நான் நேரில் பார்த்தேன். வாக்கரோடு நடக்கும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண். இரண்டு தோழிகள் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சிரித்தார்கள், “மரத்தடிக்கு வந்துடு” என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். வாக்கரின் ரப்பர் கால் தரையில் கீச்சிட அவள் நடந்தாள். நடுவில் ஒரு முறை நின்று மணிக்கட்டை உதறிக்கொண்டாள். மரத்தடியை அடைந்தபோது ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்த கதை முடியும் கட்டத்தில் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. மணி அடித்துவிட்டது.

அங்கே யாரும் அவளை ஒதுக்கவில்லை. பிறகு அந்த வகுப்பாசிரியர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, வகுப்புக்கு வெளியே இருந்த நடைபாதையின் கோடியில் இரண்டு பெஞ்சுகளை மட்டும் போட வைத்தார். இரண்டே வாரத்தில் கூட்டம் அங்கே மாறிவிட்டது. கதையின் தொடக்கத்திலிருந்தே அவள் அங்கே இருந்தாள்.

எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் தானாகவே நட்பு வந்துவிடாதா?

வராது. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது முக்கியமாக இனப் பாகுபாட்டை மனத்தில் வைத்து. வேறுபட்ட இரு தரப்பினர் வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது, சமமான நிலையில் இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதற்காக ஒருவரையொருவர் சார்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார்.

இதில் ‘சமமான நிலை’தான் அடிக்கடி சறுக்குகிறது. குழுச் செயல்பாட்டில் மாற்றுத்திறனாளி மாணவருக்குத் தாளைப் பிடித்துக்கொள்ளும் வேலையையே தருகிறோம். நாடகத்தில் அறிவிப்பாளர் வேடம். விளையாட்டில் புள்ளி எழுதும் வேலை. அவர் இல்லாவிட்டால் அந்த வேலை நின்றுபோகுமா என்று கேட்டுப் பாருங்கள். நிற்காது என்றால் அது பங்கேற்பு ஆகாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24-ஆவது பிரிவு எல்லோரையும் உள்ளடக்கிய கல்வியைப் பற்றிப் பேசுகிறது. பள்ளிகள் இந்தப் பிரிவை ஓரளவு அறிந்திருக்கின்றன. 30-ஆவது பிரிவைத்தான் மறந்துவிடுகின்றன. விளையாட்டு, பொழுதுபோக்கு, ஓய்வு ஆகியவற்றில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் பங்கெடுக்க வேண்டும், பள்ளிக்குள் நடப்பவையும் அதில் அடங்கும் என்று அது சொல்கிறது. சுற்றுலாவுக்குச் சாய்தளம் வைத்த பேருந்து ஏற்பாடு செய்யச் சொன்னால் அது சலுகை கேட்பதாகாது. இந்தப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.

என் மகனுக்கு எந்நேரமும் ஒரு உதவியாளர் தேவை. அவர் பக்கத்தில் இருப்பதால்தான் பிள்ளைகள் நெருங்கவில்லையோ?

இருக்கலாம். பதினான்கு வயதில் பேசும் பேச்சு எதையும் பெரியவர் ஒருவரின் காதுபட யாரும் பேச மாட்டார்கள். ஆசிரியரைக் கேலி செய்வது, யாருக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று கிசுகிசுப்பது, கெட்ட வார்த்தை கற்றுக்கொள்வது எல்லாம் பெரியவர் கண்ணுக்கு மறைவாக நடப்பவை. உங்கள் மகன் அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கிறான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளைகள் கேள்வியை உதவியாளரிடம் கேட்பார்கள்: “அவனுக்கு இந்த விளையாட்டு பிடிக்குமா?” நல்லெண்ணத்தில் அவரும் பதில் சொல்லிவிடுவார். இப்படிப் பத்து முறை நடந்தால், பதினோராவது முறை யாரும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது போச்சியா என்ற விளையாட்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு நெருக்கமாக உங்கள் பந்துகளைச் சேர்க்கிறீர்கள் என்பதுதான் ஆட்டம். கையால் பந்தை எறிய முடியாத வீரர்கள் ஒரு சாய்வுத் தடத்தில் பந்தை உருட்டுவார்கள். தடத்தை நகர்த்தித் தர ஓர் உதவியாளர் இருப்பார். விதி என்ன தெரியுமா? அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று வீரர் சொல்வார், அவர் செய்வார். ஆட்டம் முழுக்க வீரருடையது.

அந்த விதியை இடைவேளைக்குக் கொண்டுவாருங்கள். சாப்பிடும் நேரத்தில், விளையாட்டு நேரத்தில் உதவியாளர் பத்தடி தள்ளி உட்காரட்டும். கூப்பிட்டால் வரட்டும். அவரிடம் யாராவது கேள்வி கேட்டால், “அவன்கிட்டயே கேளுப்பா” என்று சொல்லட்டும். சின்னச் சின்ன உதவிகளைச் செய்ய இரண்டு மூன்று நண்பர்கள் கற்றுக்கொள்ளலாம், பிரேக் போடுவது, பையை மாட்டுவது போல. ஆனால் கழிப்பறை, மருந்து, தூக்கி உட்கார வைப்பது ஆகியவை நண்பர்களின் வேலை ஆகிவிடக் கூடாது. அதில் அவனுடைய மானமும் இருக்கிறது, அவர்களுடைய பாதுகாப்பும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி மாணவருக்குத் துணையாக வகுப்பில் ஒரு ‘தோழரை’ நியமிக்கும் திட்டம் நல்லதா?

புதிய பள்ளியில் முதல் சில வாரங்களுக்கு, வழி காட்ட, சரி. அதற்குமேல் எனக்கு உடன்பாடில்லை. முறை வைத்துப் பழகுவது காவல் வேலை மாதிரி ஆகிவிடும். “இன்னைக்கு உன் டர்ன்” என்ற சொல் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பதிலாக ஒரே விஷயத்தில் பைத்தியமாக இருக்கும் நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள். சதுரங்கம், படம் வரைவது, கிட்டார், பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பது, எதுவானாலும் சரி. வாரம் ஒருநாள், எல்லோராலும் வர முடிந்த அறையில்.

சக்கர நாற்காலியில் வரும் புதிய மாணவரிடம் பேச ஆசை. தவறாக எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. “உனக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கலாமா?

முதல் நாளே கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை ஏற்கெனவே நூறு பேர் அவரிடம் கேட்டிருப்பார்கள். பையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பற்றிக் கேளுங்கள், கணக்குப் பாடத்தைத் திட்டுங்கள், மற்ற யாரிடமும் எப்படித் தொடங்குவீர்களோ அப்படியே. பழகப் பழக அவரே சொல்வார். சொல்லாவிட்டாலும் நட்புக்கு ஒரு குறையும் வராது.

நீண்ட நேரம் பேசுவதாக இருந்தால் நீங்களும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தே பேசினால் கழுத்து வலிக்கும். சக்கர நாற்காலியில் சாய்வது, கால் வைப்பது, கேட்காமல் தள்ளுவது வேண்டாம். அதில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உடம்பின் ஒரு பகுதி. உங்கள் தோளைப் பிடித்து யாராவது திடீரென்று தள்ளினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவருக்கும் இருக்கும்.

“வா, நடந்துட்டு வரலாம்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் பதற வேண்டாம். சக்கர நாற்காலியில் வருபவர்களே அப்படிப் பேசுவார்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள நண்பன் பேசுவது எனக்குச் சரியாகப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டலாமா?

கூடாது. கண்டுபிடித்துவிடுவான், பிறகு உங்களிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வான். “புரியல, இன்னொரு தடவை சொல்லு” என்று நேராகக் கேளுங்கள். புரிந்தவரை திருப்பிச் சொல்லி, மீதியைக் கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும் முன் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். எழுத்துப் பலகையோ பேசும் கருவியோ பயன்படுத்தினால் பொறுமை இன்னும் வேண்டும். ஒரு வரி வர அரை நிமிடம் ஆகலாம். அந்த அரை நிமிடத்தில் கைபேசியை எடுக்காமல் இருப்பதே பெரிய மரியாதை. ஒரு மாதம் பழகினால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மற்றவர்களுக்கு நீங்களே மொழிபெயர்ப்பீர்கள்.

உதவி செய்ய வேண்டுமா, வேண்டாமா?

கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், எப்படி என்று அடுத்து கேளுங்கள். அவ்வளவுதான்.

ஓடியாடி விளையாடும் கூட்டத்தில் என் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது?

ஆட்டத்தின் விதியை மாற்றுங்கள். விதியை மாற்றினால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று நினைப்பவர்கள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய உடல் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை ஒரு புள்ளி உண்டு. இயக்கம் குறைவென்றால் புள்ளியும் குறைவு. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் 14-க்கு மேல் போகக் கூடாது. ஆகவே இயக்கம் அதிகமுள்ள ஐவரையே இறக்கி ஜெயித்துவிட முடியாது. புள்ளி குறைவான வீரர் இல்லாமல் அணியே சரியாக அமையாது. அவர் அணிக்குத் தேவைப்படுகிறார். ஆல்போர்ட் சொன்ன சமநிலை இங்கே விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் தெருவிலோ பள்ளியிலோ பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்: “இவனும் ஆடணும், ஆட்டமும் சப்பையா இருக்கக் கூடாது, என்ன பண்ணலாம்?” எல்லோரும் உட்கார்ந்தபடி கைப்பந்து, பந்து இரண்டு முறை தரையில் பட்டாலும் செல்லும் என்ற விதி, எல்லை ஓரத்தில் நிற்பவருக்குப் பந்து போகாமல் கோல் செல்லாது என்ற விதி என்று பெரியவர்களுக்குத் தோன்றாததெல்லாம் அவர்களுக்குத் தோன்றும். ஆனால் அவனை வேண்டுமென்றே ஜெயிக்க விடாதீர்கள். அது அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

நண்பனை வீட்டுக்கு அழைக்க ஆசை. எங்கள் வீட்டில் வாசற்படி இருக்கிறதே?

அழையுங்கள், படியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை படி, கதவு எவ்வளவு அகலம், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்று அளந்து அனுப்புங்கள், படமும் எடுத்து அனுப்பலாம். பெரும்பாலான சக்கர நாற்காலிகளுக்கு 80 செ.மீ. திறப்பு போதும். சாய்தளத்துக்குப் பொதுவான கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 15 செ.மீ. உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளப் பலகை. அதைவிடச் செங்குத்தாகப் பலகை போட்டால் ஆபத்து.

கழிப்பறைதான் பலரும் வாய்விட்டுச் சொல்லாத தடை. போகும் இடத்தில் கழிப்பறை வசதி இருக்காதே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள். “வரலை, வேலை இருக்கு” என்று மூன்று முறை சொன்னால், காரணம் வேலையாக இல்லாமல் இதுவாகவும் இருக்கலாம். நீங்களாகவே முதலில் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதிச் சங்கடம் தீரும்.

வீடு சரிப்படவில்லையா, எல்லோருமே பூங்காவில் கூடலாம். ஆறு பேர் கூடும்போது ஐந்து பேருக்கு வசதியான இடத்தைப் பிடித்துவிட்டு ஆறாமவருக்குப் புகைப்படம் அனுப்பாதீர்கள்.

மற்ற மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு பழக விடலாமா? அது அவனைத் தனிமைப்படுத்தாதா?

தாராளமாக விடுங்கள். இரண்டு வகை நட்பும் வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜெனெட் என்ற கோடைமுகாம் இருந்தது, மாற்றுத்திறனாளி இளையோருக்கானது. வீட்டிலும் பள்ளியிலும் எப்போதும் ‘அந்த ஒருவர்’ ஆக இருந்தவர்கள் அங்கே கூட்டத்தில் ஒருவர் ஆனார்கள். போலியோவால் சக்கர நாற்காலிக்கு வந்த ஜூடித் ஹியூமன் அங்கே போனவர்களில் ஒருவர். நாற்காலியில் வந்தால் தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லிச் சிறுவயதில் ஒரு பள்ளி அவரைச் சேர்க்க மறுத்திருந்தது. 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாற்றுத்திறனாளிகள் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து, மூன்று வாரங்களுக்கும் மேலாக வெளியேற மறுத்து, தங்கள் உரிமைக்கான விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். முன்னின்று நடத்தியவர் ஹியூமன். முகாமில் பழகிய நண்பர்கள் பலர் அவரோடு உள்ளே இருந்தார்கள்.

இவ்வளவு பெரிய விஷயம் நடக்க வேண்டியதில்லை. பேருந்தில் எல்லோரும் முறைத்ததை விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒரு நண்பர் கிடைத்தாலே போதும்.

என் மகன் நாள் முழுக்க இணைய விளையாட்டில் இருக்கிறான். அதெல்லாம் உண்மையான நட்பா?

நார்வேயைச் சேர்ந்த மட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞருக்குத் தசைச் சிதைவு நோய். 2014-இல், 25 வயதில் இறந்தார். மகன் நண்பர்களே இல்லாமல் தனிமையில் வாழ்ந்துவிட்டுப் போய்விட்டான் என்று பெற்றோர் வருந்தினார்கள். அவருடைய வலைப்பதிவில் இறப்புச் செய்தியை எழுதினார்கள். பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின, ஒன்றன்பின் ஒன்றாக. இணைய விளையாட்டு ஒன்றில் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் வருடக்கணக்காகப் பழகியவர்கள் எழுதியிருந்தார்கள். தங்கள் துயரத்தில் அவர் எப்படித் துணை நின்றார் என்று சொன்னார்கள். வேறு நாடுகளிலிருந்து சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். இபெலின் தாங்கள் பெற்ற மகன்தான் என்று பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு, வெளியே போக வழி செய்யாமல் கணினியே போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் இன்று மாலை அவன் அறைக்குப் போய், “யாரோட ஆடுற? அவங்க எப்படி?” என்று கேளுங்கள். யாரென்று தெரியாதவர்களிடம் கவனமாக இருப்பது பற்றி எந்தப் பிள்ளையிடமும் பேசுவதுபோல அவனிடமும் பேசுங்கள்.

நான் எதைச் செய்தாலும் “உன்னைப் பார்த்தால் உத்வேகம் வருது” என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. நான் நன்றி கெட்டவளா?

இல்லவே இல்லை. ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங், தானும் சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-இல் ஆற்றிய உரையில் இதைத்தான் பேசினார். சாதாரணமாக வாழ்வதற்கே மாற்றுத்திறனாளிகளைப் பாராட்டுவது அவர்களை மற்றவர்களின் மனநிறைவுக்கான பொருளாக்குகிறது என்றார். உங்களை மேடையில் ஏற்றிவைத்தவர்கள் உங்களோடு வம்பு பேச மாட்டார்கள். நெருங்கியவர்களிடம் சொல்லிவிடுங்கள்: “பாராட்ட வேண்டாம், சினிமாவுக்குக் கூப்பிடு.”

நண்பர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள், சுற்றி வருகிறார்கள், திட்டத்தையே மாற்றுகிறார்கள். நான் அவர்களுக்குச் சுமையோ என்று தோன்றுகிறது.

நீங்கள் அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்க்க யாரும் உங்களுக்குக் கற்றுத்தரவில்லை, ஏனென்றால் சிறுவயதிலிருந்து உங்களை வாங்கிக்கொள்பவராக மட்டுமே நடத்தியிருக்கிறார்கள். வீட்டில் சண்டை என்று இரவு பதினொரு மணிக்கு யார் யாருக்கு அழைத்தார்கள்? தேர்வுக்கு முந்தைய நாள் யார் பாடம் சொல்லிக் கொடுத்தது? பிறந்தநாளை மறக்காமல் இருப்பது யார்?

களைப்பும் வலியும் உள்ள நாட்களில் வர முடியாமல் போகும். அன்று “வேலை இருக்கு” என்று மழுப்பாமல், “இன்னைக்கு உடம்பு ஒத்துழைக்கலை, வியாழக்கிழமை போகலாமா?” என்று எழுதுங்கள். காரணமில்லாமல் மறுத்தால் மறுபடி கூப்பிடத் தயங்குவார்கள். நாள் குறித்து மறுத்தால் வியாழக்கிழமைக்குக் காத்திருப்பார்கள்.

ஊன்றுகோலோடு நடக்கும் ஒரு இளைஞரிடமும் அவருடைய நண்பரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். அந்த நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். “இவன்கூட நடக்கும்போது மட்டும்தான் நான் மெதுவா நடக்கறேன். எங்க பேச்செல்லாம் அப்பத்தான் நடந்தது” என்றார். ஊன்றுகோல்காரர், “நீ பேசற, நான் கேக்கறேன்” என்று திருத்தினார். பிறகு இருவரும் லிஃப்ட் இருக்கும் பக்கமாகப் போனார்கள், நண்பர் ஏதோ சொல்லிக்கொண்டே.